பெருக்கினால் குறையுமா?

12-ஐ முக்காலால் பெருக்கினால் 9 வரும். இதைப் பார்த்ததும் பல பிள்ளைகள் திகைத்துவிடுகிறார்கள். பெருக்கல் என்றாலே பெருகச் செய்வதுதானே, விடை எப்படிக் குறையும்? "மேலே பெருக்கு, கீழே வகு" என்று விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் விடை வரும், விளக்கம் வராது.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களில் கட்டப்படம் வரைந்து கணக்குப் போடும் முறை வந்தது. முதலில் பொருள், அடுத்து படம், பிறகுதான் எண்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். தேக்கா சந்தையில் வாங்கிய 12 எலுமிச்சம்பழங்களைப் பிள்ளையிடம் கொடுத்து, நான்கு சம பங்காக வைக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு 3. மூன்று பங்கு 9. அடுத்து, நீளக் கட்டம் ஒன்றை வரைந்து நான்காகப் பிரிக்கட்டும். "12இல் முக்கால் பங்கு" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். முழுவதையும் எடுக்கவில்லை, அதனால்தான் குறைந்தது என்பது தானே விளங்கும். அதே 12-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 18. ஒன்றுக்கு மேற்பட்டதால் பெருக்கினால் கூடும். ஒன்றுக்குக் குறைந்ததால் பெருக்கினால் குறையும்.

திண்ணைப் பள்ளியில் பின்னங்களுக்கும் வாய்ப்பாடு ஒப்பித்த சமூகம் நம்முடையது. 'அரைக்கால்' என்றால் காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. அந்தச் சொல்லே ஒரு பெருக்கல் கணக்கு!

பள்ளியில் கணிதம் ஆங்கிலத்தில் நடக்கிறது என்று தாத்தா பாட்டி ஒதுங்க வேண்டியதில்லை. அரை, கால், முக்கால் அவர்களுக்கு அத்துப்படி. விடை தவறினால் கடிந்துகொள்ளாமல் படம் வரையச் சொல்லுங்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.