குழந்தையைத் துணியில் சுமத்தல்

ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு, வீட்டில் ஒரு குழந்தை பிறந்ததும் முதலில் புலப்படுவது கைகளின் பற்றாக்குறையே. ஊரிலாயின் பாட்டியின் மடி உண்டு. அத்தையின் இடுப்பு உண்டு. உத்தரத்தில் தொங்கும் தூளியும் உண்டு. இங்கே தாயும் தந்தையுமே யாவும் செய்தாக வேண்டும். இந்நிலையில், குழந்தையைத் துணியால் மேனியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் முறை நமக்குப் பெருந்துணையாகிறது.

இது மேனாட்டார் புதிதாகக் கண்ட நாகரிகம் அன்று. மிசோரத்திலும் மேகாலயத்திலும் ஜார்க்கண்டின் சிற்றூர்களிலும், பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யும் தாய்மாரை நேயர்களுள் பலர் கண்டிருக்கக் கூடும்.

அணைப்பின் பயனை மருத்துவமும் ஒப்புகிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978-ஆம் ஆண்டில், எடை குறைந்த சிசுக்களைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் முறையை டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கினார். 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' என வழங்குவது அதுவே. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்குகொண்ட ஐந்து நாட்டு ஆய்வொன்று 2021-இல் வெளியாயிற்று. உடல்நிலை சீரானபின் இவ்வணைப்பைப் பெற்ற சிசுக்களைவிட, பிறந்தவுடனேயே பெற்றவற்றிடையே, முதல் 28 நாட்களில் இறப்பு நூற்றுக்கு 25 பங்கு குறைந்திருந்தது.

ஆயினும், மருத்துவர் கண்காணிப்பில் நிகழ்வது வேறு. வீட்டில் நாமே கட்டிக்கொள்வது வேறு. முந்தைய 20 ஆண்டுகளில், தோளில் தொங்கும் துணிப்பைகளில் சுமக்கப்பட்ட குழந்தைகளுள் 14 பேரேனும் இறந்தனர் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் எச்சரித்தது. அவர்களுள் 12 பேர் நான்கு மாதம் நிரம்பாதவர்கள்.

காரணம் யாது? இளங்குழந்தையின் தலை கனமானது, கழுத்தோ வலுவற்றது. தளர்ந்த துணியில் உடல் வளைந்து, முகவாய் மார்பில் படிந்தால், குறுகிய மூச்சுக்குழல் மடங்கி அடைபடும். அன்றித் துணியோ நம் உடலோ மூக்கை அழுத்தினும் மூச்சு தடைப்படும். குழந்தை அழுது அறிவிக்கும் என எண்ணியிருத்தல் கூடாது. ஓசையின்றியே உயிர் பிரிந்துவிடலாம்.

ஆதலால், துணியைக் கட்டியதும் ஐந்தனை நோக்க வேண்டும். துணி தளராமல் இறுகியிருத்தல். குழந்தையின் முகம் எந்நேரமும் நம் கண்ணுக்குத் தெரிதல். நாம் தலை குனிந்தால் அதன் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருத்தல். முகவாய்க்கும் மார்புக்கும் இடையே ஒரு விரல் நுழையும் வெளியேனும் இருத்தல். முதுகு வளையாமல் தாங்கப்படுதல். கால்கள் நேராகத் தொங்காமல், தொடைகள் அகன்று, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பது இடுப்பு மூட்டுக்கு நலம்.

நாங்கள் இருவரும் மாறிமாறிச் சுமந்த மாதங்களில், துணியை ஒருவர் கட்டியபின் மற்றவர் எதிரே நின்று இவ்வைந்தினையும் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தோம். அதற்கு ஒரு நிமிடமும் ஆவதில்லை.

வடநாட்டுக் குளிர்காலத்தில், சால்வையால் குழந்தையின் முகத்தையும் மூடுமாறு அண்டை வீட்டு மூதாட்டியர் அன்போடு வற்புறுத்துவர். அவர்கள் மனம் நோகாதவாறு மறுத்துவிடுதலே முறை. தலைக்குக் குல்லாய் போதும். முகம் திறந்தே இருக்கட்டும். கோடையிலோ இருவர் உடற்சூடும் ஒன்றுசேரும். மெல்லிய பருத்தித் துணியே ஏற்றது.

குழந்தையைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே நிற்றல் ஆகாது. இருசக்கர வண்டியில் செல்வதும் ஆகாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அவ்வண்டியில் ஏற்றிச் செல்லப் பாதுகாப்பு வார் வேண்டும் என்று மத்திய அரசு 2022-இல் விதித்தது. நம் துணி அந்த வாருக்கு ஈடாகாது. குறைமாதத்தில் பிறந்தோ, எடை குறைந்தோ, சளியால் மூச்சுத் திணறியோ இருக்கும் குழந்தையை மருத்துவரைக் கேளாமல் துணியில் கட்டலாகாது.

இவ்வளவும் அச்சுறுத்தற்கன்று. தூளியில் இட்ட பிள்ளையை ஊரில் பலர் எட்டிப் பார்ப்பர். இங்கே அக்கண்கள் நம் இருவருடையவையே. ஆகவே, தந்தையரும் இம்முறையைக் கற்றுக்கொள்ளட்டும். குழந்தை தந்தையின் மார்பில் உறங்கும் அரைமணி நேரத்தில், தாய் தன் உணவைச் சூடாறுமுன் உட்கார்ந்து உண்ணலாம்.