நாய்க்குக் காவல் யார்?

(திங்கட்கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மொழியையும் இனத்தையும் பற்றியே பேசிப் பழகிய இம்மேடையில் இன்று நாயைப் பற்றிப் பேச வந்துள்ளேன். முன்வரிசையில் இரண்டொருவர் நகுவதைக் காண்கின்றேன். நகுக, எனக்கு அதனால் குறையொன்றும் இல்லை. ஆனால் இங்கு அமர்ந்துள்ளோருள் பலர் வீட்டு வாயிலில் ஒரு நாய் கட்டுண்டு கிடக்கின்றது என்பதை நான் அறிவேன். அதை நாம் வளர்ப்பதாக எண்ணிக் கொண்டுள்ளோம். உண்மையிலேயே வளர்க்கின்றோமா என்பதே என் கேள்வி.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள நடுகல் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டினது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனோடு அவன் நாயும் செதுக்கப் பெற்றுள்ளது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும், கோவிவன் என்னும் அந்நாயின் பெயரும் எழுத்தில் பொறிக்கப் பெற்றுள்ளன. நாய்க்கு ஒரு பெயரிட்டு, அப்பெயரைக் கல்லிலும் வெட்டிய முன்னோரின் வழிவந்த நாம், நம் நாய்களை டாமி என்றும் டைகர் என்றும் அழைத்துக் கொண்டிருக்கின்றோம். 'உட்கார்' என்றால் உட்காராத நாய் 'சிட்' என்றால் உட்காருமோ? நாய்க்கு மொழிவேறுபாடு இல்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொல்லை ஒரே வகையில் சொன்னால் அது பழகிவிடும். தந்தை 'வா' என்றும் மகன் 'கம்' என்றும் கூப்பிட்டால் குழம்புவது நாய்தான். இது போகட்டும், நான் பேச வந்தது பெயரைப் பற்றி அன்று.

நாயின் இளமைப் பெயர் குருளை என்று தொல்காப்பிய மரபியல் கூறும். நானும் அச்சொல்லையே ஆள்கின்றேன். 2014-இல் கோம்பை இனக் குருளை ஒன்றை வாங்கி வந்தேன். செம்பழுப்பு உடல், கருத்த முகம். வேங்கை என்று பெயரிட்டேன். தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம், இது நம் மண்ணின் நாய், தேனிப் பக்கத்து நாய் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவர், "ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்டார். "வெளிநாட்டு நாய்களுக்கன்றோ அதெல்லாம், இம்மண்ணில் பிறந்ததற்கு எந்நோயும் வாராது" என்றேன். அவர் அதன்மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எழுபது நாள் அகவையில் அக்குருளை உணவு கொள்ளாது படுத்தது. அன்றிரவே வாயாலெடுத்தது. மறுநாள் குருதி கலந்த கழிச்சல். அதன் நாற்றம் வீடு முழுதும் நிறைந்தது. பார்வோ என்னும் நச்சுயிரியின் வேலை அது. குடலின் உட்புறத்தையே அது அரித்துவிடும்; உடலின் நீரெல்லாம் வடிந்து போகும். அந்நண்பரே வந்து நரம்பின்வழி உப்புநீர் ஏற்றினார். நான்காம் நாள் விடியலில் அஃது இறந்தது. ஆறாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த என் மகள், "ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்குமா, அப்பா?" என்று கேட்டாள். பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை. இன்றுதான் மேடையேறிச் சொல்கின்றேன்.

நம் தாத்தாக்கள் ஊசி போட்டா நாய் வளர்த்தார்கள் என்று என்னிடம் கேட்போர் உண்டு. நானும் முன்பு அவ்வாறு கேட்டவனே. இந்தப் பார்வோ நோய் நாய்களிடையே உலகெங்கும் பரவியது 1978 அளவிலேதான். நம் தாத்தாவின் நாய் இந்நோயை எதிர்கொண்டதே இல்லை. ஆகலின் அவர் பட்டறிவு இதற்குச் சான்றாகாது. அன்றியும், அக்காலத்தில் ஈன்ற குருளைகளுள் எத்தனை மாண்டன என்பதை எவர் எண்ணி வைத்தார்? பிழைத்ததை நினைவு வைத்துக்கொண்டு, இறந்தவற்றை மறந்துவிட்டோம். நம் இனம் என்னும் பெருமை நமக்கு இருக்கலாம். நச்சுயிரிக்கு அது தெரியாது.

ஊசி ஏன் ஒருமுறையோடு முடிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றேன். குருளை தாயின் சீம்பாலிலிருந்து ஒரு காப்பைப் பெறுகின்றது. அக்காப்பு மிகுந்துள்ள போது போடும் ஊசியை அதுவே செயலறச் செய்துவிடும். கிழமைகள் செல்லச் செல்லச் சீம்பாற் காப்புத் தேய்கின்றது. எந்நாளில் முற்றும் தீரும் என்பது குருளைக்குக் குருளை மாறும். எனவேதான் ஆறு முதல் எட்டுக் கிழமை அகவையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறையாகப் பதினாறு கிழமை நிறையும் வரை போடுகின்றனர். முதல் ஊசியோடு நிறுத்துவது கதவை வைத்துவிட்டுத் தாழை மறப்பது போன்றது. இவ்வூசிகள் முடியும் வரை குருளையைத் தெருவில் பிற நாய்களின் கழிவருகே விடலாகாது. நோயால் ஒரு குருளை இறந்த வீட்டில் மண்ணிலும் தரையிலும் அந்நச்சுயிரி பல திங்கள் உயிர்ப்போடு கிடக்கும். வெறும் வழலைநீரால் அழியாது. வெளுப்புத்தூள் கரைத்துத் தரையைக் கழுவி, ஓராண்டு கடந்த பின்னரே நான் மற்றொன்றை வாங்கினேன்.

இனி, நாயோடு நம் உயிரையும் பறிப்பதாகிய வெறிநோய். மாந்தனுக்கு இந்நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. ஆனால் குறி தோன்றுமுன் தடுத்துவிடலாம். பிரான்சு நாட்டு இலூயி பாசுடர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டு இவ்வழியைத் திறந்தார். நம் குன்னூரில் 1907-இலேயே அவர் பெயரால் நிலையம் அமைந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் அச்சம் இன்றும் நம் ஊர்களில் உலவுகின்றது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அப்பழைய மருந்தை நாட்டில் நிறுத்தி இருபதாண்டாகின்றது. இன்று போடுவது கையில், நான்கைந்து முறை. அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது. அந்த அச்சத்தாலேயே மருத்துவமனைக்குப் போகாமல் மந்திரித்துக் கயிறு கட்டிக் கொண்டு மாண்டோர் எத்தனை பேர்!

கடிபட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. ஓடும் நீரில், சோப்பு என்று நாம் வழங்கும் வழலையிட்டு, கால்மணி நேரம் காயத்தைக் கழுவுதல். கால்மணி என்றால் கடிகாரத்தைப் பார்த்துக் கால்மணி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், குளம்பித்தூள் ஆகிய எதையும் அப்பலாகாது. உடனே மருத்துவரிடம் செல்க. காயம் ஆழமாயின் காயத்தைச் சுற்றிப் போடும் வேறு மருந்தும் வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திராதீர். பார்ப்பது ஒருபுறம் நடக்கட்டும், ஊசி தொடங்கிவிடட்டும்.

மற்றொன்று. நாய் திடீரெனத் தாடை தொங்க, எச்சில் வடிய, குரல் மாறி நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியதாகக் கருதி வாய்க்குள் கைவிடுவது நம் வழக்கம். வெறிநோயிலும் அக்குறியே தோன்றும். கைவிடாதீர், மருத்துவரை அழையுங்கள். நாய்க்கு மூன்று திங்கள் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பின் ஆண்டுதோறும் ஒன்று. இதில் ஏழை வீடு, செல்வர் வீடு என்ற வேறுபாடு கூடாது. நம் வீட்டு நாய் நம் பிள்ளையை மட்டுமா நக்குகின்றது?

உணவைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். மிச்சச் சோற்றில் குழம்பைக் கொட்டி வைப்பதை உணவென்று கூறவியலாது. அக்குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியணுக்களைச் சிதைக்கும். திராட்சை எனப்படும் கொடிமுந்திரியும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்கலேட்டு நஞ்சு. வேகவைத்த எலும்பு ஊசிபோற் பிளந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் வில்லையை நாய்க்குக் கொடுத்துக் கொன்றவர்களும் உளர். அதன் உடல் இயல்பாகவே நம்மினும் வெப்பம் மிகுந்தது என்பதை அறியாமல், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று எண்ணிவிடுகின்றனர். சோற்றோடு முட்டையோ இறைச்சியோ உப்பின்றி வேகவைத்துக் கொடுங்கள். எப்பொழுதும் அருகில் தூயநீர் இருக்கட்டும்.

சிப்பிப்பாறை, கன்னி ஆகியன ஓடுவதற்கென்றே அமைந்த உடலின. அவற்றை முழக்கயிற்றில் நாள்முழுதும் கட்டிவைத்துவிட்டு, கடிக்கின்றது என்று குறை கூறுகின்றோம். கட்டிப் போட்ட எவனும் சினங்கொள்வான். காலையும் மாலையும் அரைமணியேனும் நடக்கவும் ஓடவும் விடுக. வேனிற் பகலில் வேண்டா. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே வெப்பத்தைத் தணிக்கின்றது. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதன் காலும் வேகும். மூடிய வண்டிக்குள் நாயை விட்டுச் செல்வதோ கொலைக்கு ஒப்பு. உண்ணியைக் கிழமைதோறும் காதினுள்ளும் விரலிடையிலும் தேடிக் களைக. ஈறு வெளுத்தாலும் மூக்கில் குருதி வடிந்தாலும் உண்ணி பரப்பிய நோயாயிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்க.

இராசபாளையத்து நாயைப் பற்றி ஒரு சொல். 2005-இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற பெருமைக்குரிய இனம். பால்வெண்மை வேண்டும், ஒரு புள்ளியும் கூடாது என்று நெருங்கிய உறவிலேயே இணைசேர்த்து வளர்க்கின்றனர். அவ்வெண்மையோடு பிறவிச் செவிடும் சில குருளைகளுக்கு வந்து சேர்கின்றது. வாங்குமுன் குருளையைத் தனியே பிரித்து, அது காணாதவாறு பின்னின்று கைதட்டிப் பாருங்கள். நிறத்தின் தூய்மை கருதிச் செவியை இழப்பதை நான் இனக்காப்பென்று ஒப்பமாட்டேன். சிலர்க்கு இது கசக்கும்.

என்னிடம் இப்பொழுதுள்ள நாய்க்குக் கோவிவன் என்று பெயர். முதுமை எய்திவிட்டான், கண்ணும் சிறிது மங்கிவிட்டது. வரும் ஞாயிறு கழிந்து திங்களன்று அவனுக்கு வெறிநோய் ஊசி நாள். நானும் என் மகளும் காலை எட்டு மணிக்கு அவனைக் கால்நடை மருந்தகத்திற்கு நடத்திச் செல்கின்றோம். தத்தம் நாயை அழைத்து வர விரும்பும் அன்பர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். நாயின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடிக்கும் இயல்புடையது எனின், மறைக்காமல் அதையும் சொல்லிவிடுங்கள். வாய்க்கட்டு இரண்டு வாங்கி வைத்துள்ளேன்.