பெயரிலே கை, பெருமையோ காலுக்கு

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில், பந்தை முன்னே கொண்டுசெல்ல இயலாமல் ஓர் அணி திகைக்கும்போது ‘பண்ட்டர்’ வருவார். பந்தை நெடுந்தொலைவு உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பதே அவர் பணி. இழக்கவேண்டிய பந்தை எங்கே இழப்பது என்பதே அவர் கலை.

ரே கை என்பவரை, பண்ட்டர் பணிக்கென்றே, 1973-இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி முதற்சுற்றில் தேர்ந்தெடுத்தது. அதற்குமுன் எவரும் பெறாத சிறப்பு அது. 14 பருவங்களில் 1,049 முறை உதைத்தார், சராசரி 42.4 கெஜம். தொலைவினும் உயரமே அவர் தனித்திறன். பந்து வானில் மிதக்கும் கணங்களில் தோழர்கள் ஓடிச்சென்று, அதைப் பிடிப்பவரை வளைத்துக்கொள்வர்.

1986-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது. புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்ததோ 2014-இல். பண்ட்டர் பணிக்காகவே அங்கு நுழைந்த முதல் வீரர் அவர். 2022-இல் மறைந்தார். புள்ளி ஈட்டாதவரும் வெற்றியின் பங்காளியே என்று ஒப்புக்கொள்ள உலகுக்கு 28 ஆண்டுகள் ஆயின.