‘மா’ என்னும் ஓரெழுத்துச் சொல்

தனி எழுத்தொன்றே சொல்லாக நின்று பொருள் தருவதை ஓரெழுத்து ஒருமொழி என்று தமிழ் இலக்கணம் வழங்குகிறது. நன்னூல் அத்தகைய சொற்களை 42 எனக் கணக்கிட்டு, அவற்றுள் ஆறினை மகர வரிசைக்கு அளிக்கிறது. அந்த ஆறில் ஒன்றாகிய ‘மா’, மாமரத்தையும் விலங்கையும் சிறப்பாகக் குதிரையையும் குறிப்பதோடு, பெருமை என்னும் பண்பையும் இருபதில் ஒரு பங்கு என்னும் பின்னத்தையும் உணர்த்தும். தஞ்சைப் பகுதியில் நிலத்தை மாக்கணக்கில் அளந்ததும் இந்தப் பின்னத்தையொட்டியே. ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்காகிய மா, ஏறத்தாழ 33 சென்ட் ஆகும். இலங்கைத் தமிழரோ அரிசி மா, கோதுமை மா என்று மாவு என்பதையே ‘மா’ எனச் சொல்வர்.

பிற மொழிகளில் இவ்வொலி இத்தாலியர்க்கு ‘ஆனால்’, எபிரேயர்க்கு ‘என்ன’, அரபு மொழியிலோ ‘என்ன’ என்னும் வினாவாகவும், இடத்திற்கேற்ப ‘இல்லை’ என்னும் மறுப்பாகவும் வரும். சீனத்தின் பொதுமொழியாகிய மாண்டரினில் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், பொருளையே மாற்றுவதால், ‘மா’ என்பது உயர்ந்த சமகுரலில் தாயையும், தாழ்ந்து எழும் குரலில் குதிரையையும், சட்டென இறங்கும் குரலில் திட்டுதலையும் குறிக்கிறது.

தமிழிலும் குதிரை மா, சீனத்திலும் குதிரை மா என்று கண்டவுடன் இரண்டும் ஒரே வேர் என முடிவு கட்டும் ஆர்வம் எளிதில் எழும். மொழியியல் அதை ஏற்பதில்லை. உதடுகளை மூடித் திறந்தாலே பிறக்கும் இவ்வொலி ஏறக்குறைய எல்லா மொழியிலும் உண்டு என்பதால், ஓரசைச் சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவது வியப்பன்று. உறவை நிறுவுவது ஒரு சொல்லின் ஒற்றுமையன்று, ஒரு வரிசைச் சொற்களில் ஒரே ஒழுங்கில் நிகழும் மாற்றமே: தமிழின் பால், பல், புலி ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என நிற்பதும், அங்கும் பழங்காலத்தில் பகரமே இருந்ததும் அத்தகைய சான்று. சீனக் குதிரைச் சொல்லுக்கோ அறிஞர்கள் மீட்டமைத்த பழைய வடிவில் மகரத்தை அடுத்து ரகரம் இருந்தது. இனமொழியாகிய பர்மியம் தன் எழுத்தில் அதை இன்றும் காட்டுகிறது. ஆகவே சீன ‘மா’ தமிழ் ‘மா’வைப் போல ஒலிக்கத் தொடங்கியதே அந்த ரகரம் மறைந்த பிறகுதான், இரண்டும் உறவற்ற சொற்கள்.