காரின் கூரையில் ஒரு சிவப்பு விளக்கு



தோட்டங்களில் பெரட்டுக் களத்தின் ஓரமாக ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். லயத்தில் தீப்பிடித்தாலும், மரம் விழுந்து ஆள் அடிபட்டாலும், யாராவது ஓடிப்போய் அதைத் தட்டுவார்கள். ஓசை கேட்டு டிரெசர் முதல் கங்காணி வரை எல்லாரும் ஓடி வருவார்கள். இன்றைய புதிய கார்கள் சிலவற்றில் அதே வேலைக்கு ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவி பழுதானால் என்ன செய்வது என்பதை இன்று பார்ப்போம்.

‘நமக்கும் அந்தக் காருக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இப்போது ஆயர் ஈத்தாமிலும் பாயான் லெப்பாஸிலும் வேலை செய்கிறார்கள். ஒருவர் முதலாளியின் காரை ஓட்டுகிறார். இன்னொருவர் பழைய காராக ஒன்றை வாங்கியிருக்கிறார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போக, வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தோடு பினாங்குப் பாலத்தைக் கடப்பவர்களும் உண்டு. ஆகவே சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது.

கண்ணாடிக்கு மேலே, கூரையில், எஸ்.ஓ.எஸ். என்று எழுதிய ஒரு பொத்தானைப் பார்த்திருப்பீர்கள். கார் பலமாக மோதிக் காற்றுப்பை விரிந்தால், யாரும் அதைத் தொடாமலே அழைப்பு போகும். கார் நிற்கும் இடத்தை விண்கோள் வழியாகக் கணித்து, காரின் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பிவிட்டு, பேசுவதற்கு இணைப்பையும் திறக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல், புதிதாக அனுமதி பெறும் கார் வகைகள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். அந்தக் கார்களும் அவற்றைப் போன்றவையும் நம் சாலைகளில் ஓடுகின்றன. ஆனால் சில நிறுவனங்களின் கார்களில் அழைப்பு நேரே ஆம்புலன்ஸுக்குப் போவதில்லை. அந்த நிறுவனத்தின் உதவி நிலையத்துக்குப் போய், அங்கிருந்துதான் செய்தி நகரும்.

சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஏதாவது சரியில்லை என்றால் பொத்தானின் அருகே சிவப்பு விளக்கு எரியும், அல்லது எதிரே உள்ள திரையில் எச்சரிக்கை வரும். இதனால் இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. பிரேக் பிடிக்கும், கார் ஓடும். அதனால்தான் மாதக்கணக்கில் அதைப் பாராமலே ஓட்டுகிறார்கள். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக மலையேறி பாலேக் புலாவ் போகும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இரவு, மழை, வளைவுக்கு மேல் வளைவு. கார் தடுப்பில் மோதிவிட்டது. கருவி அழைத்துவிட்டது என்று நம்பி உள்ளே காத்திருக்கிறார்கள். தண்டவாளத் துண்டின் கயிறு அறுந்து கிடப்பது அவர்களுக்குத் தெரியாது.

பழுது என்றதும் கருவியையே மாற்ற வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். முதலில் பேட்டரியைப் பாருங்கள். காரின் 12 வோல்ட் பேட்டரி தளர்ந்துவிட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல எச்சரிக்கைகள் வரும். அவற்றில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் பேட்டரியின் ஆயுள் குறைவு. இரவெல்லாம் நின்ற காரில் 12.6 வோல்ட் அளவிலும், இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்டினால் நல்லது. பல கார்களில் இந்தக் கருவிக்கென்று சிறிய தனி பேட்டரி ஒன்றும் உண்டு. மோதலில் பெரிய பேட்டரி நசுங்கினாலும் பேச்சு நிற்காமல் இருக்கவே அது. சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். எப்போது என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

அடுத்தது அலை. அடித்தளக் கார் நிறுத்தத்திலும் குன்றின் மறைவிலும் தொலைபேசி அலை கிடைக்காமல் விளக்கு எரியலாம். திறந்த இடத்துக்கு வந்து, காரை அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி கிளப்பிப் பாருங்கள். கூரையில் உள்ள ஏரியல் உடைந்திருக்கிறதா, அண்மையில் கண்ணாடிக்கு உலோகம் கலந்த கறுப்புத் தாள் ஒட்டினீர்களா என்பதையும் கவனிக்க வேண்டும். நம்மவர்களுக்குக் கறுப்புத் தாளின் மேல் உள்ள ஆசை தெரிந்ததே!

எவ்வளவு பார்த்தாலும் தீராத பழுதும் உண்டு. நம் நாட்டில் 2021 இறுதியோடு 3ஜி அலை நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் 2022இல் அது அணைக்கப்பட்டபோது, அந்த அலையை மட்டும் நம்பியிருந்த பல கார்கள் ஊமையாயின. கருவி நன்றாகவே இருக்கிறது, பேசத்தான் வழியில்லை.

பட்டறைக்குப் போனால், கணினியில் வரும் பழுது எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதைப் பாராமல் ‘பெட்டியையே மாற்றணும்’ என்பவரிடம் விலை கேட்டுவிட்டு வேறோர் இடத்திலும் விசாரியுங்கள். விளக்கை மறைக்க ஃபியூசைப் பிடுங்குவது கெட்ட பழக்கம்; வேறு எது நிற்கும் என்று சொல்ல முடியாது. மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்கு உரியவை, வீட்டில் யாரும் தொடக்கூடாது. காற்றுப்பை விளக்கும் சேர்ந்து எரிந்தால் நாளைக் கடத்த வேண்டாம். பொத்தானை அமுக்கிச் சோதிப்பதும் வேண்டாம். பிள்ளை தெரியாமல் அமுக்கி இணைப்பு கிடைத்துவிட்டால், ‘தவறு’ என்று எதிர்முனைக்குச் சொல்லிவிட்டு வையுங்கள்.

பழுது தீரும்வரை அந்த வேலை நம் கையில். 999 என்ற எண் 2007 முதல் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொது. கைப்பேசியில் 112 அழைத்தாலும் அங்கேயே போகும். சாலையின் பெயர், அருகில் உள்ள கோயில் அல்லது கடை, அடிபட்டவர் எத்தனை பேர், இவை முதலில். ‘கெமாலாங்ஙான்’ என்றால் விபத்து என்று அவர்களுக்குப் புரியும். ஓட்டுநர் மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் எந்தச் சாலையில் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, ஜப்பானில் ஓடி இங்கே வரும் ஆல்பார்ட், வெல்ஃபயர் போன்ற வேன்கள். அவற்றில் உள்ள பொத்தான் ஹெல்ப்நெட் என்ற ஜப்பானியச் சேவைக்காக வைத்தது. அந்த நாட்டுக்கு உள்ளேதான் பயன்படும். இங்கே அதைப் பழுது பார்க்கக் கொடுக்கும் பணம் வீண். வாங்கும் முன்பே விற்பவரிடம் கேளுங்கள்: இந்தப் பொத்தானை அமுக்கினால் மலேசியாவில் யார் எடுப்பார்?