சித்திரை மழையும் நம்முடைய உடுப்பும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று தொடங்கிவிடுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டது வேறு. "நூற்றாண்டு விழா ஏப்ரல்ல வருது. எல்லாரும் ஒரே மாதிரி சேலை எடுக்கணும்னு சொல்றாங்க. மத்தியானத்துக்கு மேல மழை, குளிர் வேற. பொம்பளைங்க அழகாவும் இருக்கணும், நடுங்காமலும் இருக்கணும். என்ன உடுத்துறதுன்னு நீங்க வந்து சொல்லுங்க" என்றார். முதலில் சிரித்தோம். பிறகு எங்கள் வகுப்புத் தோழியர் நாலைந்து பேர் கூடிப் பேசியபோது, இது சிரித்துவிட்டுப் போகும் விடயம் அல்ல என்று பட்டது. இன்று சொல்லப்போவது அந்தப் பேச்சில் விளைந்தது. அதனால்தான் 'நாங்கள்' என்று சொல்கிறோம்.

முதலில் காலநிலை. நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தை வசந்த காலம் என்கிறோம். விக்டோரியா பூங்காவில் மலர்கள், குதிரைப் பந்தயம், வீதி நிறையக் கொழும்பு வாகனங்கள். வந்தவர்கள் காலை வெயிலில் மெல்லிய உடுப்போடு படம் எடுப்பார்கள். மூன்று மணிக்கு இடி இடித்துக் கொட்டத் தொடங்கியதும் பேல் பஸாரில் சுவெட்டர் தேடி ஓடுவார்கள். இரண்டு பருவக் காற்றுக்கும் இடைப்பட்ட காலம் இது. நிலையான காற்று இல்லை. காலை வெயிலில் மலைச்சரிவு சூடேறி, ஈரக் காற்று மேலே எழுந்து, பின்னேரம் மழையாக விழுகிறது. உயரமும் ஒரு காரணம். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். 100 மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்கு மேல் வெப்பம் குறையும். ஹட்டனில் பஸ் ஏறும்போது போதுமாக இருக்கும் உடுப்பு, நுவரெலியாவில் இறங்கும்போது போதாமற் போவது அதனால்தான்.

இந்த மழையை நம் அம்மாயிமார், அப்பாயிமார் எப்படிச் சமாளித்தார்கள்? பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய சேலை. சரிவில் ஏறக் கால் தடுக்காது. ரவிக்கைக்கு மேல் ஒரு பழைய சட்டை அல்லது கோட்டு. இடுப்பைச் சுற்றிப் படங்கு, தலைக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் கூடையின் கயிறு. தேயிலைப் பெட்டிகளில் அச்சடிக்கும் படங்களில் வெயிலில் பளபளக்கும் சேலையோடு சிரிக்கும் பெண்ணைத்தான் காட்டுகிறார்கள். மழை நாளில் அந்த மலையில் யாரும் அப்படி நிற்பதில்லை. ஆனாலும் கம்பளிக்குக் கீழே மூக்குத்தி மின்னும். கொண்டையில் ஒரு பூ இருக்கும். அழகாக இருப்பதற்காக அவர்கள் குளிரில் நடுங்கவில்லை. குளிருக்குப் பயந்து அழகை விட்டுவிடவுமில்லை.

அந்தக் கம்பளிக்கும் ஒரு கணக்கு இருந்தது. தோட்டம் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலம் அது. உடுப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி நம் மலைக்குப் புதியதல்ல.

இனி வைத்தியர் பேச வேண்டிய பகுதி. உடம்பின் சூட்டைத் தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். ஆகவே குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. நனைந்த உடுப்போடு பகல் முழுவதும் இருப்பவர்களுக்குத் தொடை இடுக்கிலும், மார்புக்குக் கீழும், கால்விரல் இடையிலும் பங்கசுத் தொற்று வருவதைக் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறோம். வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்துவிட்டு வருவார்கள். இரத்தசோகை உள்ள பெண்ணுக்குக் குளிர் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும். எப்போதும் கை கால் சில்லிட்டிருந்தால் சுவெட்டர் மட்டும் வாங்காதீர்கள், இரத்தத்தையும் சோதித்துப் பாருங்கள்.

சித்திரை மாதத்துக்கு நாங்கள் சொல்வது மூன்று அடுக்கு. உள்ளே உடம்போடு ஒட்டும் அடுக்கு பருத்தி. வியர்வையை உறிஞ்சும், தோலுக்கு இதம். ஆனால் நனைந்தால் விரைவில் காயாது. அதனால் மாற்றிக்கொள்ள ஒன்று பையில் இருக்கட்டும். நடுவில் கம்பளி நூல். கம்பளிக்கு ஒரு நல்ல குணம், ஓரளவு ஈரமானாலும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே தண்ணீர் புகாத மழைக் கோட்டு அல்லது ஒரு நல்ல குடை. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், மழை வந்தால் ஒவ்வொன்றாகப் போடலாம். ஒரே ஒரு தடித்த ஜக்கெட்டில் இது முடியாது.

சேலை கட்டுபவர்கள் முழுக்கை அல்லது முக்கால்கை ரவிக்கை தையுங்கள். விளிம்பை இரண்டு விரல் ஏற்றிக் கட்டுங்கள். தோளில் ஒரு சால்வை இருந்தால் போதும், சேலையின் அழகும் மறையாது. சுடிதார் போடும் தங்கைமார் துப்பட்டாவுக்குப் பதிலாக அதே சால்வையைப் போட்டுக்கொள்ளலாம். நீண்ட சீத்தைப் பாவாடையும் கையால் பின்னிய கார்டிகனும் நம் மலைக்கு எப்போதும் பொருத்தம். துணிச் சப்பாத்து நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. அட்டைக்கும் அது தடையில்லை.

ஒரு எச்சரிக்கை. மழை நாளில் லயத்து வீட்டில் துணி காய்வது அடுப்புக்கு மேலேதான். நைலோன், பொலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எரிகாயத்துக்கு மருந்து கட்டும்போது அந்தத் துணியைப் பிரித்தெடுப்பது என்ன வேதனை என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். அடுப்படியில் நிற்கும்போது பருத்தியே உடுத்துங்கள். தொங்கும் துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள்.

இதோடு முடித்துக்கொண்டிருப்போம். ஆனால் எங்கள் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்த ஒருத்தி, போன வருடம் கிளினிக்குக்கு வந்தாள். சாதாரண தரம் முடிந்ததும் கட்டுநாயக்கவுக்குப் போனவள். பதினொரு வருடம் கார்மென்ட்டில் கொலர் தைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறாள். வலது கை விரல்கள் இரவில் மரத்துப்போகின்றன என்று வந்தாள். மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் நோய் அது. ஒரே அசைவை ஆண்டுக்கணக்கில் செய்த கைகளில் அதைக் காண்கிறோம்.

சோதித்து முடித்ததும், பேல் பஸாரில் வாங்கிய எங்கள் ஜக்கெட்டின் கொலரைத் தொட்டுப் பார்த்தாள். உள்பக்கம் திருப்பி ஓர் இடத்தைக் காட்டினாள். ஒரே ஒரு தையல் தப்பியிருந்தது. "இதுனாலதான் டொக்டர் இது வெளிநாட்டுக்குப் போகாம இங்க கெடக்கு. இந்த ஒரு தையலுக்கு ஒரு பிள்ளை நல்லா ஏச்சு வாங்கியிருப்பா" என்றாள். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னோம். அவள் சிரித்தாளே தவிரக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து ஒரு உடுப்பைக் கையில் எடுத்தால் உள்பக்கத்தையும் பார்க்கிறோம். 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் திறந்த பின், நம் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பக்கம் பஸ் ஏறினார்கள். அம்மாவுக்கு நாட்கூலி முழுதாகக் கிடைக்கக் கொழுந்து நிறை சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர். மகளுக்கு அங்கே டார்கெட். அம்மாவைக் கிலோவில் அளந்தார்கள், மகளை உருப்படியில் அளக்கிறார்கள். டார்கெட் தவறும் என்று தண்ணீர் குடிக்காமல், கழிவறைக்குப் போகாமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்களைப் பார்த்திருக்கிறோம்.

2006இல் நம் நாட்டு ஆடை ஏற்றுமதியாளர்கள், குற்றவுணர்வு இல்லாமல் உடுத்தக்கூடிய ஆடைகள் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். சிறுவர் உழைப்பு இல்லை, கட்டாய உழைப்பு இல்லை என்பது பெருமைக்குரியதுதான். ஆனால் அங்கே உழைக்கும் பெண்ணின் சம்பளமும் உடல்நலமும் இன்னும் பேசித் தீரவில்லை. பங்களாதேசில் 2013 ஏப்ரல் 24இல் ரணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பைக் கண்டவர்களை மறுநாள் வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். நாம் வசந்த காலம் கொண்டாடும் அதே ஏப்ரலில் நடந்தது இது. உலகத்துக்கு மலிவான உடுப்பு கொடுக்க அவர்கள் கட்டிய விலை அது.

அப்படியென்றால் எதை வாங்குவது என்று கேட்பீர்கள். நாங்கள் மூன்று கேள்வி வைத்திருக்கிறோம். இதை யார் செய்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியுமா? செய்தவருக்கு அந்த வேலையால் சீவிக்க முடியுமா? இதைப் பத்து வருடம் உடுத்த முடியுமா? மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கிழக்கே மருதமுனையில் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெய்கிறார்கள். குருணாகல் பக்கம் 1991இல் தொடங்கிய செலின் நிறுவனம் கிராமத்துப் பெண்களைக் கொண்டு நியாய வணிக முறையில் கைத்தறித் துணி செய்கிறது. பார்பரா சன்சோனி அம்மையார் 1964இல் தொடங்கிய பெயார்ஃபூட்டுக்கும், நல்லாயன் கன்னியர் பெண்களுக்கு நெசவு கற்பித்ததற்கும் தொடர்பு உண்டு. கையில் காசு குறைவானவர்களுக்கு எங்கள் பதில் இன்னும் எளிது. அலுமாரியில் இருப்பதையே திரும்ப உடுத்துங்கள். அக்காவின் சுவெட்டரைத் தங்கை போடட்டும். புது நூல் வேண்டாம், புதுக் கூலிக் கணக்கும் வேண்டாம். பேல் பஸாரும் பாவம் இல்லை, வாங்கியதைக் கிழியும்வரை போட்டால்.

இப்போது சேலை விடயம். அன்று அந்தத் தோழியிடம், "போன ஒன்றுகூடலுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டோம். மாத்திரைத் துண்டை மடித்துக்கொண்டே, "சேலைக்குக் காசு கேட்டாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அக்காமாரே, 2021இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. நாம் 'ஒரு சேலைதானே' என்று சொல்வது, எங்களோடு ஒரே வாங்கில் இருந்த ஒருத்திக்கு எத்தனை நாள் கொழுந்து என்று கணக்குப் பார்த்தோமா? ஒற்றுமையைக் காட்டத்தான் ஒரே சேலை. அந்தச் சேலையே ஒருத்தியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டால் அது என்ன ஒற்றுமை?

ஆகவே எங்கள் வகுப்பின் வேண்டுகோள் இது. நூற்றாண்டுச் சேலை வேண்டாம். ஒவ்வொருவரும் தன்னிடம் உள்ள நல்ல சேலையைக் கட்டி வரட்டும், அது திருமணச் சேலையாக இருந்தாலும் சரி, சீத்தைச் சேலையாக இருந்தாலும் சரி. சங்கம் பாடசாலை நிறத்தில் ஒரு கைத்தறிச் சால்வையை நெசவாளரிடம் நேரடியாக, அவர்கள் கேட்கும் விலைக்கு நெய்வித்து வாங்கட்டும். முடிந்தவர்கள் இரண்டு மூன்று சால்வையின் காசைச் சங்கத்திடம் கொடுக்கலாம். விழா அன்று வாசலில் வரும் எல்லோருக்கும் ஒவ்வொன்று போர்த்துவோம். யார் காசு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது போர்த்துபவருக்கும் தெரியாது. படத்தில் எல்லோரும் ஒன்றாகவே தெரிவோம். மூன்று மணிக்கு மழை வந்தாலும் யாரும் நடுங்கமாட்டோம்.

இன்னொன்று, அதிபர் அவர்களிடம் பணிவாக. எங்கள் காலத்தில் நிறம் சரியில்லாத சுவெட்டரை வாசலிலேயே கழற்ற வேண்டும். அன்றைய ஒழுங்கு அப்படி. மேல் கணக்கிலிருந்து மழையில் நடந்து வந்த பிள்ளைகள் வெள்ளைச் சீருடை ஈரமாகவே இரண்டு மணிவரை இருந்தார்கள். எந்த நிறச் சுவெட்டரும் போடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழைய மாணவியர் தங்கள் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சுவெட்டர்களையும் சீருடைகளையும் துவைத்துக் கொண்டுவந்து, நனைந்து வரும் பிள்ளை மாற்றிக்கொள்ள ஒரு அலுமாரி வைப்போம். அதற்குக் கல்வெட்டும் பெயர்ப்பலகையும் தேவையில்லை.

அந்தத் தோழியிடம் விழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். சால்வைக் கதையையும் சொன்னோம். "கொலர் இல்லாத உடுப்புன்னா வர்றேன்" என்றாள். கை இப்போது கொஞ்சம் சுகம். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.