ஆண்டிறுதிச் செய்தி லயத்துக்கு எட்ட வேண்டும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வருடம் முடியப் போகிறதென்றால் நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? மார்கழிப் பஜனை, பொங்கல் உடுப்பு, கடைக் கடன், கொழும்பில் வேலை செய்யும் தம்பி எப்போது வருவான் என்பவைதாம். ஆறாந் தரத்துக்கும் ஒன்பதாந் தரத்துக்கும் இடையில் படிக்கும் பிள்ளை அடுத்த வருடம் எங்கே, என்ன படிக்கப் போகிறது என்பது அந்தப் பேச்சில் வருவதில்லை. இதைக் கண்டு, தோட்டத்துத் தாய் தகப்பனுக்குக் கல்வியில் அக்கறையில்லை என்று சிலர் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அக்கறை இல்லாதவர்களா கடன்பட்டுப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குகிறார்கள்? செய்தி அவர்களிடம் வேளையோடு வந்து சேரவில்லை என்பதே நாம் காணும் உண்மை.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. பத்து வயதுக்குப் பிறகு? கொழுந்து மலைக்கோ பால் வெட்டுக்கோ போக வேண்டியதுதான். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகவே நின்றன. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. ஆகவே நம் பாட்டன் பாட்டிக்கு வருட முடிவில் தீர்மானிக்க ஒன்றுமே இருக்கவில்லை. பட்டணத்து உத்தியோகத்தர் வீட்டில் தலைமுறையாக அறிந்துவைத்திருக்கும் காரியம், லயத்து வீட்டில் பிறர் வந்து சொன்னால்தான் தெரியும்.

அப்படி என்ன தெரிய வேண்டும்? முதலாவது, நம் பக்கத்துச் சிறு பாடசாலைகளில் எல்லாத் தரங்களும் இல்லை. சில ஐந்தாந் தரத்தோடு நிற்கும். சில எட்டோடு நிற்கும். அதன்பின் வேறு பாடசாலையில் விண்ணப்பிக்க வேண்டும். விடுகைப் பத்திரம் வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தமிழ் மொழிமூலப் பாடசாலை எட்டாத தூரத்தில் இருந்தால் சிங்கள மொழிமூலத்தில் சேர்ப்பதா என்ற பெரிய கேள்வியும் கூடவே வரும். இதையெல்லாம் ஜனவரியில் யோசிக்கத் தொடங்கினால் இடம் கிடைக்காது. வீட்டிலே இரண்டு மாதம் நின்ற பிள்ளை பிறகு பாடசாலைக்குத் திரும்புவது அபூர்வம்.

இரண்டாவது, ஒன்பதாந் தர முடிவு. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லாருக்கும் பொது. மற்ற மூன்றையும் தொகுதிப் பாடங்களிலிருந்து பிள்ளையே தெரிந்தெடுக்க வேண்டும். வணிகமா, குடியியலா, சித்திரமா, விவசாயமா? நடப்பதென்ன? தோழி எடுத்ததை இவளும் எடுக்கிறாள். தகப்பனாருக்கு அப்படியொரு தெரிவு இருந்ததே, பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிகிறது. அந்த வேளையில் இன்னொன்றும் வெளிப்படும்: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் வேறொரு பெயர். அடையாள அட்டை எடுக்கப் போய்த் திரும்பியவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும்.

2016ஆம் ஆண்டின் விதிப்படி பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். இந்த ஒரு செய்தியே எத்தனை லயங்களுக்குப் போயிருக்கிறது?

தை பிறந்தால் புது வகுப்பு என்று தாய்மார் கணக்கு வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பின் அந்தக் கணக்கும் தவறிற்று. 2023இல் புதிய கல்வியாண்டு மார்ச் 27ஆந் திகதியும், 2024இல் பெப்ரவரி 19ஆந் திகதியும், 2025இல் ஜனவரி 27ஆந் திகதியுமே தொடங்கியது. பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரியமா இது?

பாடசாலை அறிவிப்பதில்லையா என்று கேட்கலாம். அறிவிக்கிறது. பிள்ளையின் பையில் ஒரு கடிதம் வருகிறது. சிங்கள மொழிமூலப் பாடசாலையாயின் அது சிங்களத்தில் இருக்கும். தமிழில் வந்தாலும் அந்தக் காரியாலயத் தமிழைப் படித்து விளங்கிக்கொள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும் நமக்கே சற்று நேரம் பிடிக்கிறது! வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். போன் தகப்பனோடு ரப்பர் மலைக்குப் போய்விட்டது. பெற்றோர் கூட்டம் என்றால் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. போனால் ஒரு பேர் போய்விடும். 2024இல் 1350 ரூபாய் என விதிக்கப்பட்ட நாட்சம்பளம் பின்பு எவ்வளவு கூடினாலும், இழந்த நாள் இழந்த நாள்தான். நாங்கள் படித்த மிஷன் பாடசாலையில் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றோர் கையில் கொடுத்து ஆசிரியர் இரண்டு வார்த்தை பேசுவார். அந்த இரண்டு வார்த்தைக்கு அச்சடித்த பத்துக் கடிதம் ஈடாகாது.

வாயால் சொல்வது நம் மக்களுக்குப் புதிதல்ல. தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல வந்து தொழிலாளரோடு பேசினார் என்பர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை 1930களில் பாட்டாலேயே கூட்டம் சேர்த்து நியாயத்தை விளக்கினார். எழுத்தறியாதவரும் கேட்டறிந்தனர். இன்று தடையும் இல்லை, வேடமும் வேண்டாம்.

இது அதிபரின் வேலையல்லவா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இருக்கும் ஆசிரியர் சிலர். அவர்களிற் பலர் தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று தாய்மாரோடு பேச அவர்களால் இயலுமா? நம்மால் இயலும்; நாம் அங்கேயே பிறந்தவர்கள். அதிபரிடம் திகதிகளை முன்னதாகக் கேட்டு எழுதிக்கொள்வோம். காலைப் பிரட்டுக்களத்தில் ஐந்து நிமிடம் தரும்படி தோட்ட நிர்வாகத்தைக் கேட்போம். வெள்ளிக்கிழமை கோவிலில் பூசை முடிந்ததும் வாசித்துக் காட்டுவோம். பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியுமா என்று பாடசாலையிடம் பணிவாக விண்ணப்பிப்போம்; முடியாதென்றால் மறுபடியும் கேட்போம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் புள்ளிகளைப் பலர் முன்னிலையில் வாசிக்கலாகாது. அது அந்த வீட்டுக்கு மட்டும் உரியது. பொது அறிவித்தலைப் பொதுவிலும், தேர்ச்சி அறிக்கையை வீட்டு வாசலிலும் விளக்க வேண்டும். தகப்பனார் கேட்கும் முதற் கேள்வி "பாஸா பெயிலா" என்பதாகவே இருக்கும். எந்தப் பாடத்தில் தளர்ச்சி, எத்தனை நாள் வரவில்லை என்பதையும் பொறுமையோடு காட்டுங்கள். வராத நாட்களின் எண்ணிக்கையைக் கண்டு திகைக்கும் பெற்றோர் பலர் இருப்பார்கள்.

மூன்றாந் தவணை முடிய இன்னும் வாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு டிவிசனுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெண்பிள்ளையாக இருந்தால் தாய்மார் கூச்சமின்றிக் கேட்பார்கள். சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் நால்வராவது அவசியம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்திலும் எட்டிலும் ஒன்பதிலும் படிக்கும் பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற இடாப்பை வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுதத் தொடங்குகிறோம்.